தமிழ் மீடியத்தில் படித்தவர்கள் ஆங்கிலம் பழக: தமிழிலிருந்தே தொடங்கும் ஒரு முழு வழிகாட்டி

உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் மீடியம். அப்புறம் மதுரையில் ஒரு கல்லூரியில் இயற்பியல். முதல் வாரத்திலேயே ஒரு பேராசிரியர் என்னைக் கைகாட்டி, "வாட் இஸ் இனெர்ஷியா?" என்று கேட்டார். எழுந்து நின்றேன். வாயில் ஒன்றும் வரவில்லை. அந்த வகுப்பு முடியும் வரை நின்றுகொண்டே இருந்தேன்.

அன்று ராத்திரி விடுதியில் அகராதியைப் புரட்டினேன். இனெர்ஷியா என்றால் நிலைமம். ஓடுகிற பஸ் சடாரென்று பிரேக் போட்டால் நாம் முன்னால் போய் விழுகிறோமே, அதற்கான காரணம். பள்ளியில் அந்தக் கேள்விக்கு விடை எழுதி முழு மார்க் வாங்கியவன் நான். உந்தம், முடுக்கம், அழுத்தம் எல்லாம் எனக்கு அத்துப்படி. அவற்றின் இங்கிலீஷ் பெயர்தான் தெரியாது. அதைத் தெரியாதவன் மக்கு என்று ஒரு வகுப்பே நினைத்தது, நானும் நினைத்தேன்.

இப்போது திருமங்கலத்தில் சாயங்கால நேரத்தில் ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன். கல்லூரிப் பிள்ளைகள், தையல் கடை வைத்திருக்கிற அக்கா, வெளிநாட்டு வேலைக்குப் போக நினைக்கிற வெல்டர் தம்பி, பேரனோடு போனில் பேச ஆசைப்படுகிற ஒரு ஐயா என்று பலரும் வருகிறார்கள். இத்தனை பேரும் தடுக்கி விழுகிற இடங்கள் ஏறக்குறைய ஒன்றே. ஏனென்றால் எல்லோரும் தமிழில் யோசிக்கிறவர்கள். தமிழ் இலக்கணம் தெரிந்தால் ஆங்கிலத்தில் எங்கே தடுக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். பல இடங்களில் தப்பிக்கிற வழியும் அதே தமிழ் இலக்கணத்துக்குள் இருக்கிறது. இந்த வழிகாட்டி முழுக்க அதை வைத்துத்தான்.

முதல் படி: எதற்கு என்று முடிவு பண்ணுங்கள்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கல்லூரிப் பாடம் புரிய வேண்டுமா, இன்டர்வியூவில் பேச வேண்டுமா, வாடிக்கையாளரிடம் பேச வேண்டுமா? ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பாடம் புரியவேண்டியவருக்கு வாசிப்பு முதலில். கடையில் பேசவேண்டியவருக்குக் காதும் வாயும் முதலில். "எல்லாம் வேணும் சார்" என்று வருகிறவர்கள்தான் இரண்டாவது மாதத்தில் நின்றுவிடுகிறார்கள்.

இரண்டாம் படி: கையில் இருப்பதை எண்ணுங்கள்

ஒரு நோட்டில், காலையில் எழுந்ததிலிருந்து ராத்திரி வரை நீங்கள் தமிழ்ப் பேச்சுக்கு நடுவில் சொல்லும் இங்கிலீஷ் சொற்களை எழுதுங்கள். பிரஷ், பேஸ்ட், பக்கெட், கேஸ், சிலிண்டர், மிக்ஸி, ஃபேன், சார்ஜர், ஸ்டாப்பிங், டிக்கெட், லேட், லீவு, சம்பள அட்வான்ஸ். பள்ளிக்கூடம் தாண்டாத அம்மாக்கள்கூட இருநூறு, முந்நூறு சொல் எழுதிவிடுகிறார்கள். ஒன்றுமில்லாமல் தொடங்குகிறோம் என்ற எண்ணம் அந்த ஒரே நாளில் போய்விடும். தமிழ் ஆங்கிலத்துக்குக் கொடுத்ததும் உண்டு: கட்டுமரமும் சுருட்டும் மிளகுத்தண்ணீரும் கேட்டமரான், செரூட், மல்லிகடானி என்று ஆங்கில அகராதியில் ஏறியிருக்கின்றன.

ஒரு எச்சரிக்கை. தமிழுக்குள் வந்த சொல் சில நேரம் பொருள் மாறிவிடும். நமக்கு ஹோட்டல் என்றால் சாப்பிடுகிற இடம். வெளிநாட்டுக்காரருக்குத் தங்குகிற இடம், சாப்பிடுகிற இடத்துக்கு ரெஸ்டாரன்ட். "கரண்ட் போயிருச்சு" என்பதை "கரண்ட் கான்" என்றால் அவருக்குப் புரியாது, "தி பவர் இஸ் அவுட்" என்று சொல்ல வேண்டும். "டென்ஷனா இருக்கேன்" என்பது "ஐ ஆம் டென்ஷன்" ஆகாது, "ஐ ஆம் டென்ஸ்" என்றோ "ஐ ஆம் வொரீட்" என்றோதான் வரும். உங்கள் பட்டியலில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் இப்படி ஒருமுறை அகராதியில் சரிபாருங்கள்.

மூன்றாம் படி: ஒலியைப் பிரித்துக் கேளுங்கள்

கோட் என்று எழுதுகிறேன். சட்டைக்கு மேல் போடுகிற கோட்டா, ஆட்டைக் குறிக்கும் கோட்டா? தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றுதான். ஆங்கிலத்தில் முதல் ஒலி வேறு வேறு. பன்றியும் 'பெரிய' என்பதும் நம் வாயில் ஒரே 'பிக்' ஆகிவிடுவது இதனால்தான். ஒலியை வைத்தே பொருள் மாறுகிற மொழியில் இது சின்ன விஷயமில்லை.

ஆனால் அந்த இரண்டு ஒலியும் நம் வாயில் பிறந்ததிலிருந்து இருக்கின்றன. 'பல்' என்று சொல்லுங்கள். அப்புறம் 'தம்பி' என்று சொல்லுங்கள். பல்லில் வருகிற ப வேறு, தம்பியில் வருகிற ப வேறு. தமிழில் மெல்லினத்துக்குப் பின்னால் வல்லினம் வந்தால் தானாகவே மென்மையாகிவிடும், அதனால் நாம் அதைத் தனி ஒலியாகக் கவனிப்பதே இல்லை. வகுப்பில் நான் செய்யும் பயிற்சி இதுதான்: 'தம்பி' என்று ஐந்து முறை சொல்லுங்கள். பிறகு 'தம்' என்பதை மனசுக்குள் மட்டும் சொல்லி, 'பி' மட்டும் வெளியே வரட்டும். அந்த 'பி'யோடு 'க்' சேர்த்தால் 'பெரிய' என்ற பொருள் தரும் பிக். அதேபோல 'பங்கு' சொல்லி, 'பங்'கை விழுங்கிவிட்டு 'கோட்' என்றால் ஆடு. 'வண்டி'யில் வரும் டி, 'பந்து'வில் வரும் து, 'நெஞ்சு'வில் வரும் சு, எல்லாமே இதே கதை. தொண்டையில் விரலை வைத்துப் பாருங்கள், அதிர்வு தெரியும். தையல் அக்கா பத்து நாளில் இதைப் பிடித்துவிட்டார்.

அடுத்தது சொல்லின் கடைசி. க், ச், ட், த், ப், ற் ஆகிய வல்லின மெய்கள் தமிழ்ச் சொல்லின் இறுதியில் வராது. மெய்யெழுத்து எதுவும் சொல்லின் முதலில் வராது. பள்ளியில் படித்த விதிதான். அந்த விதி நம் நாக்கில் ஊறியிருப்பதால் புக் 'புக்கு' ஆகிறது, பஸ் 'பஸ்ஸு' ஆகிறது, ஸ்கூல் 'இஸ்கூல்' ஆகிறது. இதற்கு மருந்து, சொல்லின் கடைசி ஒலியில் வாயை அப்படியே நிறுத்துவது. 'கப்' என்று சொல்லி உதட்டைத் திறக்காமல் ஒரு நொடி மூடியே வைத்திருங்கள். திறந்தால்தான் அந்த 'உ' ஓடி வரும்.

இன்னொரு பழக்கம், இ, எ வரிசையில் தொடங்கும் சொல்லுக்கு முன்னால் ஒரு 'ய்' போடுவதும், உ, ஒ வரிசைக்கு முன்னால் 'வ்' போடுவதும். பேச்சில் எங்கே என்பது 'யெங்க' ஆகிறது, ஒன்று 'வொண்ணு' ஆகிறது. அதே கையோடு எம்.ஏ. 'யெம்மே' ஆகிறது, ஒன்லி 'வொன்லி' ஆகிறது. காதைக் குறிக்கும் சொல்லும் ஆண்டைக் குறிக்கும் சொல்லும் ஒன்றாகிப் போவதும் இதனால்தான்.

வ-வில் இரண்டு உண்டு. வேன், வெரி போன்றவற்றுக்கு மேல்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். வாட்டர், வெஸ்ட் போன்றவற்றுக்குப் பல் படக்கூடாது. உதட்டை 'உ' சொல்வதுபோலக் குவித்து விரிக்க வேண்டும். கண்ணாடி முன்னால் பத்து நாள் பழகினால் போதும்.

விட்டுவிட வேண்டியதையும் சொல்கிறேன். திங்க், தேங்க்ஸ் போன்ற சொற்களுக்கு நாம் போடுகிற 'த'வும், டேபிள், டைம் போன்றவற்றுக்கு நாக்கை மடித்துப் போடுகிற 'ட'வும் இங்கிலாந்துக்காரர் ஒலி கிடையாது. ஆனால் யாருக்கும் புரியாமல் போவதில்லை. அதற்கு நேரம் செலவழிக்க வேண்டாம். மதுரைக்காரன் மதுரைக்காரன் மாதிரியே ஆங்கிலம் பேசலாம், எதிரில் இருப்பவருக்குப் புரிய வேண்டும், அவ்வளவுதான்.

அழுத்தத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். தமிழில் அசைகளை ஏறக்குறைய ஒரே எடையில் சொல்லிக்கொண்டு போவோம். ஆங்கிலத்தில் ஒரு அசை தூக்கலாக வரும், மற்றவை அமுங்கிப் போகும். ஹோட்டல் என்ற சொல்லில் இரண்டாம் அசை தூக்கல். ஃபோட்டோகிராஃப் என்றால் முதல் அசை. ஃபோட்டோகிராஃபி என்றால் இரண்டாம் அசை, முதல் அசை மங்கிவிடும். புதுச் சொல் ஒன்றைக் கற்கும்போதே எந்த அசை தூக்கல் என்று கேட்டு, அதன் மேல் ஒரு கோடு போட்டு வையுங்கள். இலக்கணப் பிழையைவிட அழுத்தப் பிழைதான் கேட்பவரை அதிகம் குழப்புகிறது என்பது என் அனுபவம்.

நான்காம் படி: வாக்கியத்தைத் திருப்பிப் போடுங்கள்

இந்த ஒன்றுக்காகவே இந்தக் கட்டுரையை எழுத நினைத்தேன். ஒரு தமிழ் வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்.

நான் – நேற்று – விளக்குத்தூணில் – அம்மாவுக்கு – ஒரு சேலை – வாங்கினேன்.

இப்போது 'நான்' என்பதை அங்கேயே விட்டுவிட்டு, வாக்கியத்தின் வாலுக்குப் போங்கள். அங்கிருந்து பின்னாலேயே நடந்து வாருங்கள்.

நான் – வாங்கினேன் – ஒரு சேலை – அம்மாவுக்கு – விளக்குத்தூணில் – நேற்று.

ஐ – பாட் – எ சாரி – ஃபார் மை மதர் – அட் விளக்குத்தூண் – யெஸ்டர்டே.

கண்ணாடியில் பார்த்த மாதிரி அப்படியே திரும்பி நிற்கிறது. சொல்லுக்குள்ளேயும் அதே கதைதான். அம்மாவுக்கு என்பதில் 'கு' பின்னால் ஒட்டுகிறது. ஆங்கிலத்தில் 'ஃபார்' முன்னால் நிற்கிறது. விளக்குத்தூணில் என்பதில் 'இல்' பின்னால், ஆங்கிலத்தில் 'அட்' முன்னால். பெயரெச்சத்துக்கும் இது பொருந்தும்: 'நேற்று வந்த பையன்' என்பதைத் திருப்பினால் 'பையன் – வந்த – நேற்று', அதாவது 'தி பாய் ஹூ கேம் யெஸ்டர்டே'.

பேசும்போது திணறல் வருவதன் காரணம் இதில் இருக்கிறது. தமிழில் வினை கடைசியில் வருவதால், வாக்கியத்தைத் தொடங்கிவிட்டு யோசிக்க நேரம் கிடைக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டாவது சொல்லிலேயே வினை தயாராக இருக்க வேண்டும். அதனால் பேச வாய் திறக்கும் முன் ஒன்றே ஒன்றை முடிவு பண்ணுங்கள்: யார், என்ன செய்தார்? அந்த இரண்டும் வாயில் வந்துவிட்டால் மிச்சம் ஒவ்வொன்றாக வந்து ஒட்டிக்கொள்ளும். தினமும் பத்துத் தமிழ் வாக்கியங்களை இப்படித் திருப்பிப் போடுங்கள். முதல் இரண்டு வாரம் எழுதி, அப்புறம் வாயால்.

கேள்விகள் இந்தக் கண்ணாடிக்குள் அடங்காது. தமிழில் வாக்கியத்தின் கடைசியில் ஒரு 'ஆ' போட்டால் கேள்வி. அந்தப் பழக்கத்தில் "யூ கமிங்-ஆ?" என்று கேட்டுவிடுகிறோம். ஆங்கிலத்தில் கேள்விக்குறியைத் தலையில் வைக்க வேண்டும்: "ஆர் யூ கமிங்?", "டு யூ நோ?", "டிட் ஹி கால்?" இந்த மூன்று அச்சையும் ஒரு வாரம் விடாமல் சொல்லிப் பழகுங்கள்.

ஐந்தாம் படி: நம் தமிழே பதில் சொல்லும் ஐந்து சந்தேகங்கள்

"ஐ டிட் நாட் வென்ட்" என்று சொல்வது தவறு, "ஐ டிட் நாட் கோ" என்பதே சரி. ஏன்? தமிழைப் பாருங்கள். 'போனேன்' என்பதற்கு எதிர்மறை 'போகவில்லை'. 'போனேனில்லை' என்று யாரும் சொல்வதில்லை. எதிர்மறை வந்ததும் வினை தன் காலத்தைக் கழற்றி வைத்துவிட்டு 'போக' என்று நிற்கிறது. ஆங்கிலத்தில் காலத்தை 'டிட்' வாங்கிக்கொள்கிறது, 'கோ' வெறுமனே நிற்கிறது.

எ-வா, ஏன்-ஆ? ஓர் ஊர், ஒரு நாடு. உயிரெழுத்துக்கு முன் ஓர், உயிர்மெய்க்கு முன் ஒரு. ஆங்கில விதியும் அச்சு அசலாக இதுதான். எழுத்தைப் பார்க்காமல் ஒலியைக் கேட்டால் போதும். மணியைக் குறிக்கும் அவர் என்ற சொல்லில் முதல் எழுத்து ஒலிக்காது, அதனால் 'ஏன் அவர்'. யூனிவர்சிட்டி 'யு' என்று ஒலிப்பதால் 'எ யூனிவர்சிட்டி'.

'தி' எப்போது? "பால் வாங்கினேன்" என்பதற்கும் "பாலை வாங்கினேன்" என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை யோசியுங்கள். முதலாவது ஏதோ பால். இரண்டாவது, பேசுகிற இருவருக்கும் தெரிந்த அந்தப் பால். அந்த 'ஐ' உருபு செய்கிற வேலையைத்தான் பெரும்பாலும் 'தி' செய்கிறது. எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது என்றாலும், பாதிக் குழப்பம் இதில் தீரும்.

"ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்" என்று சொல்லலாமா? ஒரு சோதனை உண்டு. அந்த வினையோடு '-கிட்டு இருக்கேன்' சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். "சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்" சரியாக ஒலிக்கிறது, எனவே "ஐ ஆம் ஈட்டிங்". "எனக்கு ரெண்டு அண்ணன் இருந்துக்கிட்டு இருக்காங்க" என்றால் சிரிப்பார்கள், எனவே "ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்". "எனக்குத் தெரிஞ்சுக்கிட்டு இருக்கு" என்று யாரும் சொல்லமாட்டார்கள், எனவே "ஐ நோ".

உள்ளேயா, மேலேயா, இடத்திலா? நம் 'இல்' ஒன்றே மூன்று வேலை பார்க்கிறது. வைகையில், மேசையில், மாட்டுத்தாவணியில். ஆங்கிலம் மூன்றையும் பிரித்துவிடும்: ஆற்றுக்குள் என்பதால் 'இன்', மேசையின் மேல் என்பதால் 'ஆன்', ஓர் இடத்தைப் புள்ளியாகச் சுட்டினால் 'அட்'. பஸ்ஸுக்கு 'ஆன் தி பஸ்', ஆட்டோவுக்கு 'இன் ஏன் ஆட்டோ'. எழுந்து நடக்கிற அளவு இடமிருக்கும் வண்டிக்கு 'ஆன்' என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பாது.

இரண்டு விஷயம் மட்டும் தமிழிலிருந்து பார்த்தால் தலைகீழ். "நீ சாப்பிடலையா?" என்றால் நாம், "ஆமா, சாப்பிடலை" என்போம். கேட்டவர் சொன்னது சரி என்று ஒப்புக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் சாப்பிடவில்லை என்றால் கேள்வி எப்படி இருந்தாலும் "நோ, ஐ டிடின்ட்" தான். "டிடின்ட் யூ பே தி ஃபீஸ்?" என்று கேட்டு ஒருவர் "யெஸ்" என்று சொல்லிவிட்டால், கட்டிவிட்டார் என்று எழுதிக்கொள்வார்கள்.

இன்னொன்று மரியாதை. 'கொடுங்க' என்பதில் அந்த 'ங்க' இருக்கிறதே, அதில்தான் நம் பணிவு முழுவதும் இருக்கிறது. அதை மொழிபெயர்த்து "கிவ் மீ" என்று சொன்னால் 'ங்க' உதிர்ந்துபோய் 'கொடு' மட்டும் நிற்கிறது. நாம் மரியாதையாகக் கேட்டதாக நினைத்திருப்போம், எதிரில் இருப்பவர் அதட்டியதாக நினைப்பார். அந்த 'ங்க'வை "குட் யூ ப்ளீஸ்" என்று முன்னால் கொண்டுபோய் வைக்க வேண்டும். 'அவர்' என்று ஆண், பெண் இருவரையும் சொல்லிப் பழகியதால் ஹி, ஷி மாறிப் போவதும் இதோடு சேர்ந்த சிக்கல்தான்.

ஆறாம் படி: ஸ்பெல்லிங் கண்டு பயப்படாமல் இருக்க

ஆங்கிலத்தில் 26 எழுத்துகளை வைத்துக்கொண்டு ஏறக்குறைய 44 ஒலிகளைச் சமாளிக்கிறார்கள். 247 எழுத்தோடு வளர்ந்த நமக்கு, எழுதியபடி படிக்க முடியவில்லையே என்று எரிச்சல் வருவது இயல்பு. வில்லியம் காக்ஸ்டன் 1476-ல் இங்கிலாந்துக்கு அச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்தார். அதன் பிறகு எழுத்து மெல்ல மெல்ல ஒரே அச்சில் உறையத் தொடங்கியது, பேச்சு மாறிக்கொண்டே போனது. கத்தியைக் குறிக்கும் நைஃப் என்ற சொல்லில் முதல் எழுத்தான கே ஒரு காலத்தில் நிஜமாகவே ஒலித்தது. இன்று அது ஒலிக்காமல் எழுத்தில் மட்டும் நிற்கிறது.

நாமும் அப்படித்தானே. 'வந்துவிட்டது' என்று எழுதிவிட்டு 'வந்துருச்சு' என்று பேசுகிறோம். எழுத்து ஒன்று, பேச்சு ஒன்று என்று வாழ்ந்து பழகியவர்களுக்கு ஆங்கில ஸ்பெல்லிங் புதிய நோய் கிடையாது. செய்ய வேண்டியது: முதலில் சொல்லைக் காதால் கேளுங்கள், வாயால் சொல்லுங்கள், மூன்றாவதாகத்தான் எழுத்தைப் பாருங்கள். எழுத்தை முதலில் பார்த்ததால்தான் வென்ஸ்டே என்பதை 'வெட்னெஸ்டே' என்றும், வெஜ்டபிள் என்பதை 'வெஜிடேபிள்' என்றும் சொல்கிறோம்.

ஏழாம் படி: சொல் சேர்க்கிற முறை

அகராதியை ஏ-விலிருந்து டப்பா அடிக்காதீர்கள். டாக்காவில் ஆங்கிலம் கற்பித்த மைக்கேல் வெஸ்ட் என்பவர், வங்காளத்துப் பிள்ளைகள் படும் பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர். அதிகம் புழங்கும் சுமார் 2,000 சொற்களைத் தொகுத்து 1953-ல் ஒரு பட்டியல் வெளியிட்டார். அதன் புதுப்பித்த வடிவங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. முதலில் அந்த 2,000 போதும்.

சொல்லைத் தனியாக எழுதாதீர்கள், அது யாரோடு சேர்ந்து வருகிறதோ அதையும் சேர்த்து எழுதுங்கள். நாம் மாத்திரை 'சாப்பிடுகிறோம்', போட்டோ 'பிடிக்கிறோம்', பஸ்ஸும் 'பிடிக்கிறோம்'. ஆங்கிலத்தில் டேக் எ டேப்லெட், டேக் எ ஃபோட்டோ, கேட்ச் எ பஸ். "ஈட் எ டேப்லெட்" என்று தனிச் சொல்லை வைத்து மொழிபெயர்த்தவர் தவறு செய்யவில்லை, ஜோடி தெரியாமல் போனதுதான் பிரச்சினை.

மறதியைப் பற்றி ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே வைத்துச் சோதித்து 1885-ல் எழுதினார். படித்தது முதல் ஓரிரு நாளில்தான் வேகமாகக் கரைகிறது. விட்டுவிட்டுத் திரும்பப் பார்த்தால் நிற்கிறது. ஆகவே இன்று எழுதிய பத்துச் சொல்லை நாளைக்கு, மூன்றாம் நாள், ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து என்று நான்கு முறை பாருங்கள். ஒரே ராத்திரியில் நூறு முறை எழுதுவதைவிட இது நல்லது.

எட்டாம் படி: காதைத் திறக்க ரயில்வே ஸ்டேஷன்

மதுரை ஜங்ஷனில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று தொடங்கி ஒரு செய்தி தமிழில் வரும், பிறகு அதே செய்தி ஆங்கிலத்தில் வரும். பொருள் உங்களுக்கு முன்பே தெரியும் என்பதால் காது பயப்படாது. "மதுரையிலிருந்து சென்னை எழும்பூர் வரை" என்பது "ஃப்ரம் மதுரை டு சென்னை எக்மோர்" என்று எப்படித் திரும்புகிறது என்று கவனியுங்கள். பாண்டியன் எக்ஸ்பிரஸின் எண் 12638-ஐ ஒவ்வொரு எண்ணாகப் பிரித்துச் சொல்வார்கள், கூடவே முணுமுணுங்கள். கேட்டுக்கொண்டே அரை நொடி பின்னால் தொடர்ந்து சொல்வதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. வீட்டில் இதையே பிபிசியின் ஆங்கிலம் கற்பிக்கும் நிகழ்ச்சிகளை வைத்தும், ஆகாசவாணி ஆங்கிலச் செய்தியை வைத்தும் செய்யலாம். ஒரு நிமிடத் துண்டை எடுத்துப் பத்து முறை கேளுங்கள். பத்து நிமிடத்தை ஒரு முறை கேட்பதில் பயன் குறைவு.

ஒன்பதாம் படி: ஒரே பாடம், இரண்டு புத்தகம்

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் தமிழ் வழி, ஆங்கில வழி என்று இரண்டிலும் வருகின்றன. பாடம் ஒன்றேதான், மொழி மட்டும் வேறு. இணையத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஆறாம் வகுப்பு சமூக அறிவியலில் ஒரு பாடத்தைத் தமிழில் ஒருமுறை வாசியுங்கள். பிறகு ஆங்கிலப் புத்தகத்தில் அதே பாடம். அகராதியே தேவைப்படாது, அர்த்தம் ஏற்கெனவே மனசில் இருக்கிறது. கல்லூரியில் சேரப்போகிற தமிழ் மீடியம் பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல், வேதியியல் புத்தகங்களை அந்தக் கோடை விடுமுறையில் இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டால், யாரும் வகுப்பில் என்னைப் போல நிற்க வேண்டியதில்லை. எனக்கு இதை அப்போது யாராவது சொல்லியிருக்கலாமே என்று இன்றும் ஆதங்கமாக இருக்கிறது.

மதுரை புதுநத்தம் ரோட்டில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போனால் குழந்தைகள் பகுதியையும் பாருங்கள். படம் போட்ட ஆங்கிலக் கதைப் புத்தகம் பெரியவர்களுக்கும் நல்ல தொடக்கம். ஒரு பக்கத்தில் ஐந்துக்கு மேல் தெரியாத சொல் வந்தால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம், இன்னும் எளியதை எடுங்கள்.

பத்தாம் படி: வாயைத் திறப்பது

மற்ற எல்லாப் படியும் தனியாகச் செய்துவிடலாம். இதற்கு மட்டும் ஆள் வேண்டும், அங்கேதான் வெட்கம் வந்து நிற்கிறது. ஊரில் ஒரு வார்த்தை ஆங்கிலத்தில் பேசினால் "பீட்டர் விடுறான்டா" என்பார்கள். தப்பாகப் பேசினாலும் சிரிப்பு, சரியாகப் பேசினாலும் சிரிப்பு. நன்றாகப் படிக்கிற பிள்ளைகளின் வாயைக்கூட இந்தச் சிரிப்பு அடைத்துவிடுகிறது. தயவுசெய்து யாரையும் பார்த்து அப்படிச் சிரிக்காதீர்கள்.

டவுன் ஹால் ரோட்டு முனையில் ஓர் ஆட்டோ அண்ணன் உண்டு. ஒருநாள் ஒரு வெளிநாட்டு தம்பதியிடம், "மேடம், பேலஸ், நாயக்கர் பேலஸ், டென் மினிட்ஸ், கம்மிங் பேக் ஆல்சோ, வெயிட்டிங் நோ மணி" என்று அவர் பேசியதைப் பக்கத்தில் நின்று கேட்டேன். அவர்கள் ஒரு சந்தேகம் கேட்டார்கள். அவருக்குப் புரியவில்லை. "ஸ்லோ, மேடம், ஸ்லோ" என்றார். அவர்கள் மெதுவாகச் சொன்னார்கள், ஏறிப் போனார்கள். திரும்பி வந்த பிறகு கேட்டேன்.

"எப்படிண்ணே பயமில்லாமப் பேசுறீங்க?"

"பயந்தா வண்டி ஓடுமா தம்பி? புரியலைன்னா பையச் சொல்லுங்கன்னு கேட்டுக்கிட வேண்டியதுதான்."

அந்த "ஸ்லோ, மேடம்" என்பதைத்தான் நான் முதல் நாள் வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்கிறேன், கொஞ்சம் இலக்கணத்தோடு. "குட் யூ சே தட் ஸ்லோலி, ப்ளீஸ்?" "சாரி, ஐ டிடின்ட் அண்டர்ஸ்டாண்ட்." "ஹௌ டு யூ சே திஸ் இன் இங்கிலீஷ்?" இந்த மூன்றும் நாக்கு நுனியில் இருந்தால் எந்தப் பேச்சிலும் மூழ்கிவிட மாட்டீர்கள்.

பேச ஆள் கிடைக்காதவர்கள் போனில் தொடங்குங்கள். தினமும் இரண்டு நிமிடம், அன்று நடந்ததைச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். பஸ்ஸில் இடம் கிடைக்காதது, சந்தையில் மல்லிகைப்பூ விலை ஏறியது, எதுவானாலும் சரி. மூன்றாவது வாரத்திலிருந்து ஒரு கூட்டாளியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்களைப் போலவே திணறுகிறவராக இருந்தால் மிகவும் நல்லது. ஒரு ஒப்பந்தம் போடுங்கள்: பத்து நிமிடம் பேசி முடிக்கும் வரை யாரும் யாரையும் திருத்தக்கூடாது. முடிந்த பிறகு ஆளுக்கு இரண்டே இரண்டு பிழை சொல்லலாம், அதற்கு மேல் சொல்லக்கூடாது. தமிழ்ச் சொல் நடுவில் வந்தால் வரட்டும், நின்றுவிடாமல் வாக்கியத்தை முடியுங்கள்.

அடுத்த கட்டம், முன்பின் தெரியாதவரிடம் பேசுவது. இதற்கு நான் கண்ட பாதுகாப்பான இடம் கஸ்டமர் கேர். போன் கம்பெனிக்கோ வங்கிக்கோ கூப்பிடும்போது மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள் இல்லையா, அங்கே தமிழுக்குப் பதில் ஆங்கிலத்தை அழுத்துங்கள். எதிரில் இருப்பவருக்கு உங்கள் ஊரும் தெரியாது, முகமும் தெரியாது. கேட்க வேண்டியதை மூன்று வரியில் எழுதி, திருப்பிப் போட்டுச் சரிபார்த்து, கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள்.

தையல் அக்கா இதைச் செய்து பார்க்க ஒரு மாதம் தள்ளிப்போட்டார். கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை வகுப்பிலிருந்தே கூப்பிட்டார், ஸ்பீக்கரில் போட்டு. மெஷின் ரிப்பேருக்கு ஆள் வராததைப் பற்றிய புகார். தாளில் மூன்று வரி. முதல் வரியை வாசித்தார். எதிர்முனையில் இருந்த பெண் ஏதோ வேகமாகக் கேட்டார். அக்காவின் கை தாளை இறுக்கிக் கசக்கியது. நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அக்கா தாளைக் கீழே வைத்துவிட்டு, "குட் யூ சே தட் ஸ்லோலி, ப்ளீஸ்?" என்றார். அந்தப் பெண் மெதுவாகச் சொன்னார். அக்கா பதில் சொன்னார். திங்கட்கிழமை மெக்கானிக் வந்தார்.